மண்டி மஞ்சள்

ராத்திரி பதினொன்றரைக்கு வந்தார் மாதையன்.
லீ பஜாரில் மஞ்சள் மூட்டை தூக்குகிறவர்.
காதுமடல், கழுத்து மடிப்பு, நகக்கண்,
பனியனின் கிழிசல்கூட மஞ்சள்.
டியூப்லைட்டுக்குக் கீழே அவரை வைத்துக்கொண்டு
எதையும் சொல்ல முடியாது.

"மஞ்ச தூக்கறவனுக்கு மஞ்சக்காமாலன்னா
கரி அள்ளறவனுக்கு என்னங்க டாக்டர் வரும்?"
கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
சிரித்தபடி முழங்கையைச் சொறிந்தார்,
பிறகு தொடையை, பிறகு உள்ளங்காலை.
சிரிப்பை விட்டுவிட்டுச்
சொறிந்ததைக் குறித்துக்கொண்டேன்.

விடியட்டும் என்றேன்.

ஆறேகாலுக்கு வார்டின் கிழக்கு ஜன்னல்.
இடது ஓரத்தில் சேர்வராயன்,
இன்னும் முழுசாகத் துலங்காமல்.
"கீழ பாருங்க" என்று மேலிமையைத் தூக்கினேன்.
எந்த மூட்டையின் தூசும் சாயமேற்ற முடியாத
அந்த வெள்ளையில்
காம்போரம் பழுக்கத் தொடங்கிய மல்கோவா.
மஞ்சள், அதற்குள் கொஞ்சம் பச்சை.

ஒண்ணுக்கு?
"வரக்காப்பியாட்டம்."
வெளிக்கு?
அவர் மனைவியைப் பார்த்தார்.
சித்தாயிதான் சொன்னாள்:
"கெழங்கு மாவக் கரைச்சு ஊத்துன மாதிரிங்க."
எத்தனை நாளாக?
"மாரியம்மன் பண்டிகைக்கு முந்தியிருந்தே.
கீழாநெல்லி அரைச்சு மோருல குடுத்தேன்,
ஒம்போது நாளு, உப்பில்லாம."
அவரது பச்சை பெல்ட்டில்
ஆணியால் குத்திய மூன்று புது ஓட்டைகள்.

வலி?

"துளி இல்லீங்க."
சித்தாயி கண்ணை மூடி
கோட்டை இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

மூச்சை இழுக்கச் சொல்லி
வலது விலாவுக்கடியில் விரல்களை வைத்தேன்.
வழுவழுப்பாக, உருண்டையாக
ஒன்று இறங்கி வந்து விரலில் முட்டியது.
மாதையன் முகம் சுளிக்கவில்லை.
சுளித்திருக்கலாம்.
துடித்து என் கையைத் தட்டிவிட்டிருந்தால்
கல்லாக இருக்கும் என்று
பாதிக்குமேல் நம்பியிருப்பேன்.
வலிக்காததை எப்படி
கெட்ட சேதியாகச் சொல்வது,
அதுவும் கும்பிட்டு முடித்தவளிடம்?

ஸ்கேனுக்கு எழுதினேன்.
ரத்தத்துக்கு எழுதினேன்.
தாளின் ஓரத்தில் என் கட்டைவிரல் பட்ட இடம்
மஞ்சளாகியிருந்தது. அது மண்டி மஞ்சள்,
சோப்புக்குப் போய்விடும்.

"காமாலக் கண்ணுக்குக்
கண்டதெல்லாம் மஞ்சளும்பாங்க," என்றார் அவர்,
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.
"எனக்கு மல நீலமாத்தான தெரியுது?"

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.
ஆமாங்க, என்றேன்,
நீலந்தான்.