செல்

லிண்டன்செல்.
வரைபடத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க
ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு பேக்கரி,
அப்புறம் செங்கல் நிறக் கூரையோடு உன் மடம்.
மடம் என்று சொல்லலாமா?
துறவிகள் காலிசெய்து இருநூறு வருஷமாச்சு என்றாய்.
இப்போது முதியோர் இல்லம்.
நாற்பத்தொரு கட்டில்,
ராத்திரிக்கு நீ ஒருத்தி.

ஊர்ப்பேரின் வாலில் தொங்கும் செல்
துறவியின் அறையாம்.
இங்கே அதற்குப் போ என்று பொருள்.
காதோரம் சூடேறும் இந்தச் சனியனுக்கும்
அதே பேர்தான்.

ஆபீசர்ஸ் லைனில், ஜெராக்ஸ் கடை மாடியில்
எனக்கு ஜெர்மன் வகுப்பு.
முதல் படித் தேர்வே இரண்டு தடவை போய்விட்டது.
மடம் பெண்பால்.
உங்கள் ஆறும் பெண்பால்.
சின்னப் பெண் மட்டும் அஃறிணை.
இதை எந்த நியாயத்தில் மனப்பாடம் பண்ணுவது, தபித்தாள்?
நியாயம் கேட்டால் ஃபெயில் என்கிறார் வாத்தியார்.

நேற்று போனைத் திருப்பி
தேவாலயத்தின் உள்ளே காட்டினாய்.
பீடம் இருந்த இடத்தில் மடக்கு நாற்காலிகள்.
மாசம் ஒரு கச்சேரி உண்டாம்.
தூணில் வெள்ளம் ஏறிய கோடுகள், பக்கத்தில் வருஷம்;
உன் தோளுக்கு ஒன்று,
தலைக்கு மேல் ஒன்று.
பாலாறு வந்த வருஷம்
விருதம்பட்டில் நாம் கோடு போடவில்லை.
கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தோம்.

‘சாமி இல்லாத இடத்துல
தனியா நடந்தா ஒரு மாதிரி இருக்குங்க.’

மெடிக்கல் ஷாப் ஷட்டரை இறக்கிவிட்டு
அகழியோரம் வண்டியை நிறுத்தியிருந்தேன்.
இங்கே ஒன்றேகால், அங்கே ஒன்பதே முக்கால்.
மறந்துட்டியா, என்றேன்.
இந்தக் கோட்டைக் கோயிலும் காலியாகத்தான் கிடந்தது.
லிங்கம் சத்துவாச்சாரியில்.
எண்பத்தொன்றில் லாரியில் ஏற்றி வந்தார்கள்.
நாலு கிலோமீட்டர் திரும்பி வர
நானூறு வருஷம் என்கிறார்கள்.
நம்ம சாமி இல்லைதான், இருந்தாலும்.

நீ சிரித்தாயா தெரியவில்லை.
மணி அடித்தது.
அறை பதினேழு. பழைய கொத்தனார் ஒருத்தர்,
வெளிக்கதவைச் சாத்தியாச்சா என்று
தினம் ராத்திரி கேட்பாராம்.

கட் பண்ணாமல்
போனை நாற்காலியில் மல்லாக்க வைத்துவிட்டு ஓடினாய்.
உன் ரப்பர் செருப்புச் சத்தம்
கல்தரையில் போய்க்கொண்டே இருந்தது.

என் உள்ளங்கையில்
வளைந்து வளைந்து மேலேறும் ஒரு கூரை,
அதில் யாரோ வரைந்து பாதி உதிர்ந்த ஒரு நட்சத்திரம்.
கொசு காலைப் பிடுங்கியது.
ரோந்து ஜீப் ஒன்று வேகம் குறைத்து
என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

சார்ஜ் ஆறு சதவீதம்.
அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.