மூன்று நிமிடம்

மான்ஸ்ஃபீல்ட் நகர்மன்றத்தில்
மணி அடிப்பது என் வேலை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.

வெர்னன் ப்ரூவிட் எழுந்து வருகிறார்.
இடது முழங்காலுக்குக் கீழே உலோகம்.
ஃபலூஜா எப்படியிருந்தது என்று யாரோ கேட்டபோது
"வெயில் ஜாஸ்தி" என்று முடித்துக்கொண்டவர்
ஒன்பதாம் எண் பேருந்துக்காகப்
பதினோரு பக்கம் எழுதி வந்திருக்கிறார்.
இரவு ஷிஃப்ட் முடித்து ஏறுகிறவர்கள் இருபத்திரண்டு,
டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் ஆறு.
நிறுத்தம் நிறுத்தமாக நின்று எண்ணியிருக்கிறார்.

நான்காம் பக்கத்தில் சிவப்பு.
அடித்தேன்.
"ஏனென்றால்" என்ற இடத்தில் நிறுத்தித்
தாளை மடித்தார்.

அடுத்து லோரெட்டா.
கொல்லையில் ஏழு கோழி வளர்க்கும் உரிமை.
ஒரு கோழியின் படத்தை உயர்த்திப் பிடித்து அழுதாள்.
சிரித்தவர்களைத் திரும்பி முறைத்தது
வெர்னன்தான்.

கோழி வென்றது, ஏழுக்குப் பூஜ்யம்.
பேருந்து தோற்றது, நான்குக்கு மூன்று.

போன மார்ச்சில் வலது கை உயர்த்தி
நானும் சொல்லியிருக்கிறேன்,
சட்டம் கேட்டால் இந்நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்று.
எந்தப் பக்கம் பார்த்து ஏந்துவதென்று
அவர்கள் சொல்லவில்லை,
குடியுரிமை கிடைத்த அவசரத்தில் நானும் கேட்கவில்லை.

வெளியே
கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போது பார்த்தேன்:
எதிர் நிறுத்தத்தில் அவர்,
கோட்டுப் பையில் மிச்ச ஏழு பக்கம்.
"ஏறுங்கள், வீட்டில் விடுகிறேன்."
"வேண்டாம்.
இந்த மாசம் முடியும்வரை ஓடும்.
எண்ணிக்கையில் ஒன்று குறையக் கூடாது."