கழித்தல் குறி

எல்லாத் தளங்களிலும்
பயணிகள் இருவர் என்றே தொடங்குகிறது.
கழித்தல் குறியை ஒருமுறை தட்டினேன்.
விலை பாதியாகவில்லை.

தீபாவளி இந்த ஆண்டு ஞாயிறில் விழுகிறது.
திங்கள் சும்மா கிடைக்கும்.
அதன் வாலில் நான்கு நாள் விடுப்பை முடிந்து
ஒரு சனி ஞாயிறைத் தொங்கவிட்டால்
கிராக்கோவில் நாலரைப் பகல்.
நவம்பர் பகல், நாலு மணிக்கே இருட்டிவிடுமாம்.
பகலைக் குறைத்துக் கொடுப்பதால்தானோ என்னவோ
படுக்கை விலையையும் குறைத்திருக்கிறார்கள்.

"பண்டிகையன்னைக்கு ராத்திரியேவா கிளம்புறே?"
என்றாள் சுகுணா, பாகற்காய் நறுக்குவதை நிறுத்தாமல்.
"யார்கூட?"
சொன்னேன்.
"அதான், யார்கூட?"

கையில் ஆயிரத்து எழுநூறு வெள்ளி.
பலதுறை மருந்தக முகப்பில் உட்கார்ந்து
நாளெல்லாம் எண்களைக் கூப்பிடுகிறவள் நான்.
எண்கள் சொன்னால் கேட்கும்.
இரண்டு இடத்தில் இறங்கி ஏறும் விமானம், ஆயிரத்து நூற்றெண்பது.
ஆறு பெண்கள் படுக்கும் அறை.
கீழ்க்கட்டிலுக்கு இரவுக்கு மூன்று வெள்ளி கூடுதல்;
ஐந்து இரவு, பதினைந்து வெள்ளி,
நாற்பத்தெட்டு வயது முழங்காலுக்கு
அது மலிவு. போட்டேன்.
உப்புச் சுரங்கத்தை மூன்று முறை சேர்த்து
மூன்று முறை நீக்கினேன்.
நான்காவது முறை சேர்த்துவிட்டு
புதன்கிழமை மதியச் சாப்பாட்டை நீக்கினேன்.

கோட்டு, யாரோ போட்டது, இருபத்திரண்டு வெள்ளி.
பொங்கோல் நிலையத்தில்
கட்டண வாசலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.
வெளியே போனால் அட்டையில் காசு போகும் என்று
கதவுக்கு மேலாகவே கைமாற்றிக்கொண்டோம்.
வீட்டில் மின்விசிறியை மூன்றில் வைத்துப்
போட்டுப் பார்த்தேன். முதுகில் ஆறு ஓடியது.
பைக்குள் ஓர் இருமல் மிட்டாய்,
உறை பிரியாமல்.
தூக்கிப் போட மனமில்லை.
அந்தக் குளிரை அது ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

ஏழு கிலோதான் அனுமதி.
ஈரச்சந்தையில் ஆ லெங்
மீன் தராசில் செய்தித்தாள் விரித்து
என் பையை ஏற்றினார்.
எட்டே கால்.
"கொழுத்த மீன்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.
மாகி ஆறு பொட்டலம் நாலாயிற்று.
வழிகாட்டிப் புத்தகத்தில்
அந்த ஊர் இருக்கும் பதினெட்டுப் பக்கத்தை மட்டும் கிழித்தேன்.
மீதிப் போலந்து அலமாரியிலேயே இருக்கட்டும்.

காப்புறுதிப் படிவம்
அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர் கேட்டது.
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
சுகுணா என்று போட்டேன்.
உறவு: தங்கை.
அவளிடம் சொல்லவில்லை.

அங்கே ஒரு தேவாலயக் கோபுரத்தில்
மணிக்கொரு தரம் எக்காளம் ஊதுகிறார்கள்.
நன்றாக ஊதிக்கொண்டே வந்து
சட்டென்று பாதியில் நின்றுவிடும்.
அம்பு, தொண்டை, படையெடுப்பு என்று
ஒரு கதை இருக்கிறது.
கதை எனக்கு வேண்டாம்.
நின்றதற்கும் புறாக்கள் நகர்வதற்கும் நடுவில்
அந்தச் சதுக்கத்தில் ஒருதரம் நிற்க வேண்டும்,
பக்கத்தில் யாரும்
"முடிஞ்சிடுச்சா, போலாமா?" என்று கேட்காமல்.

அங்கே நண்பகல் இங்கே மாலை ஆறு.
(நான் போகும்போது ஏழாகியிருக்கும்,
அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.)
அந்த நேரத்தில் அவர்கள் வானொலியில் அது வரும்.
இன்று காதொலியை மறந்துவிட்டதால்
858ஆம் பேருந்தில்
கைப்பேசியைக் காதோடு அழுத்திக் கேட்டுவந்தேன்.
நின்றது.

"லைன் போயிடுச்சா?" என்றார்
பக்கத்து இருக்கையில் கப்பல் பட்டறைச் சீருடைக்காரர்.
"இல்லண்ணே. அவ்வளவுதான்."
அவர் என் கைப்பேசியை
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.
யீஷூன் வந்தது,
மணியை அழுத்தினேன்.