பதினொரு இடம்

எங்கள் மரக்காலையில்
மரத்துக்கு விலை சொல்வது நான்.
கையில் ஒரு காந்தம் இருக்கும்.
கோயில் ஒலிபெருக்கி எரிந்துபோனபோது
அதன் வயிற்றிலிருந்து கழற்றி
நைலோன் கயிற்றில் கட்டிக்கொண்டது.

வன்னியில் மரம் வாங்குகிறவனுக்குச்
சுற்றளவு தெரிந்தால் போதாது.
பாலையோ வேம்போ, பட்டை மூடி
பார்வைக்கு நல்லதாய்த்தான் நிற்கும்.
வாளில் வைத்து முக்கால் அடி போகையில்
கிறீச்சென்று ஒரு சத்தம்.
போன ஆடியில் அப்படித் தெறித்த பல்லு
செபநேசனின் காதை உரசிப்போனது.
அன்றிலிருந்து முதலாளி
இரும்பு தின்ற மரத்தை வாசலுக்கும் எடுப்பதில்லை.

முத்தையன்கட்டு, இடதுகரை வாய்க்கால்.
வளவின் பின்மூலையில் நின்றது புளி.
மாசி கடைசி. காய்ந்த பழங்கள்
காற்றுக்குக் கிலுங்கின.
விற்கக் கூப்பிட்டவன் குலவீரன்.
காணி தமையனின் பேரில்.
தமையன் இல்லை.
எங்கே என்று நான் கேட்கவில்லை,
இங்கே அதைக் கேட்பதில்லை.

தமையனின் பெண்சாதி தயாபரி
சாக்கு விரித்துக் குந்தியிருந்து
பழம் உடைத்துக்கொண்டிருந்தாள்.
கோது ஒரு பக்கம், தும்பு ஒரு பக்கம்,
கொட்டை எடுக்கச் சின்னக் கத்தி ஒன்று.
அவனும் அவளும்
பழமும் கோதும்தான்:
ஒரே வளவுக்குள், ஒட்டாமல்.

“இறைச்சிக்கடைக் குற்றிக்கு
இதைவிட மரம் இருக்கே அண்ணை?” என்றான்.
உண்மைதான்.
மனதுக்குள் கணக்கும் போட்டுவிட்டேன்:
ஆறு குற்றி, கொப்பெல்லாம் சூளைக்கு.

காந்தத்தை விட்டேன்.
ஏணி வைத்து, கவருக்குக் கீழே: ஒன்றுமில்லை.
செல் வந்த பக்கம் எது என்று கேட்டேன்.
வடக்கு என்றான்.
வடக்கிலும் ஒன்றுமில்லை.
இறங்கி வருகையில், தலைக்குச் சற்றுக் கீழே
கயிறு சரிந்தது.
டக்.

ஒரு சாண் தள்ளி, டக்.
பட்டை வெடிப்பில் சேறு அப்பியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
மூன்றங்குல ஆணி.
துரு இப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது.

செல் துண்டு உயரம் பார்த்து வராது.
இவையெல்லாம் ஒரே உயரம்:
அவ்வளவு வளர்த்தியில்லாத ஒருத்தி
சுத்தியலை ஓங்கக்கூடிய உயரம்.
சில வளைந்து, வளைந்தபடியே அறையப்பட்டிருந்தன.
மார்கழி மழையில் அடித்திருக்க வேண்டும்,
தகரக் கூரை முழங்கும்போது.
அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

திரும்பிப் பார்த்தேன்.
அவள் தலை நிமிரவில்லை.
கத்தி மட்டும் நின்றிருந்தது,
ஒரு கொட்டை பாதி வெளியே.

எச்சில் தொட்டுச்
சேற்றை மறுபடி அப்பினேன்.

“எத்தினை இடம்?”
“பதினொண்டு.”
“இவ்வளவோ விழுந்தது இந்த வளவுக்கை?”
“விழுந்ததை ஆர் எண்ணினது,” என்றேன்.
கொப்பியில் எழுதினேன்:
புளி. ஒன்பதடி சுற்று. இரும்பு உண்டு. வேண்டாம்.

படலையில் மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது
ஒரு பையோடு வந்தாள்.
கொட்டை நீக்கி, உப்புப் போட்டு உருட்டிய பழப்புளி,
ஒரு கிலோ.
காசு நீட்டினேன். வாங்கினாள்.
எண்ணிப் பார்த்து
இருபது ரூபா மிச்சமும் தந்தாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான் சந்தி மட்டும்
வாய் ஊறிக்கொண்டே வந்தது.
மரம் கொண்டுவராத நாளில்
எனக்குக் கூலி பாதி.

தேத்தண்ணிக் கடையில்தான் கண்டேன்:
காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது
வேரடியில் கிடந்த ஆணி ஒன்று.
பதினொன்றில் சேராதது.
மரம் வேண்டாமென்று திருப்பித் தந்தது.

என் வீட்டுக் கதவுக்கு ஒன்று தேவைதான்.
கல்லில் வைத்து நிமிர்த்திப் பார்த்தேன்.
நிமிரவில்லை.