மூன்றாம் பக்கம், நான்காம் வரி

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகிப்போய், தாதுக்கப்பல்கள் துறையை விட்டு அசையவில்லை.
சேர்க்கைக் குழு: ஐந்து பேர், ஆறிய காப்பி,
படிவத்தில் ஒரு வரி:
மாணவர் இதய ஒலிகளைக்
காதால் கேட்டறிய வல்லவராய் இருத்தல் வேண்டும்.

எதிரே சோல்வெய்க் ஓயலா.
பிறந்ததிலிருந்து ஒலி அறியாதவள்.
விரல்கள் பேசுகின்றன,
பக்கத்தில் ஒருவர் குரல் தருகிறார்:
"காதால், அந்த ஒரு சொல்லை
அடித்துவிட்டால் போதும்."
உப்பை இப்படித் தள்ளுங்கள் என்பதுபோல.

உடற்கூறியல் பிராண்ட்வோல்ட்
சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.
அவள் குழலை வைத்தாள். திரையில் பச்சைக் கோடு
ஏறியது, இறங்கியது.
இரண்டு மேடுகளுக்கு நடுவே
புல் முளைத்தாற்போல் ஒரு நடுக்கம்.
அங்கே விரல் வைத்தாள்.

"வால்வுக் கசிவு. பதினோரு வருஷமாக," என்றார் அவர்,
பொத்தானைப் போட மறந்து.

சரிபார்க்க
இதய மருத்துவன் என்னிடம் வந்தது குழல்.
முப்பத்திரண்டு ஆண்டு மாட்டிய அதே கழுத்து.
குனிந்தேன். கண்ணை மூடினேன்,
அப்படித்தான் மூடுவது வழக்கம்.

பனி.
பனிக்கு அடியில் பனி.
மூன்று குளிர்காலமாக இப்படித்தான்;
எக்கோ அறிக்கையை முதலில் படித்துவிட்டுப்
பிறகுதான் நோயாளியின் மார்பில் வைக்கிறேன்.
என்னிடம் யாரும்
படிவம் கேட்டதில்லை.

"ஆமாம், தெளிவாகக் கேட்கிறது," என்றேன்.
நால்வரும் தலையாட்டினார்கள்.

அவள் ஆட்டவில்லை.
உதடு படித்துப் பழகியவள்,
என் வாயை அல்ல, கண்களைப் பார்த்தாள் கொஞ்ச நேரம்.
பிறகு மேசைமேல் அந்தத் திரையை
ஒரு விரற்கடை
என் பக்கம் திருப்பி வைத்தாள்.

பேனாவைத் தேடினேன்.