பூச்சியக் கோவை

முசஃபா. இரவு பதினொன்றே கால்.
கண்ணாடிக்கு வெளிப்புறம் வியர்க்கும் மாதம்.
திரையில் ஒரே வரி:
இந்த அணிக்கு நேர்மாறு இல்லை.

அணி என்றால்
நகைக்கடையில் சவரன்,
இலக்கண வகுப்பில் உவமை,
வெள்ளிக்கிழமை மைதானத்தில் பதினோரு பேர்.
எனக்கு
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு நிரை,
அதே அளவு நிரல்.
முன்னூற்றுப் பன்னிரண்டு கணுக்கள்;
ஒவ்வொன்றும் ஆறு விதமாய் அசையலாம்,
மூன்று நகர்தல், மூன்று திரும்புதல்.
மனிதருக்கும் அவ்வளவுதான்
விசா இருந்தால்.

உள்ளே பெரும்பாலும் பூச்சியம்.
ஒரு கணு தன்னைத் தொடும் கம்பியோடு மட்டுமே பேசும்.
கேம்ப்பில் எட்டுக் கட்டில் அறை போல:
மேல்கட்டில்காரர் புரண்டால் கீழ்கட்டில் நடுங்கும்,
அடுத்த பிளாக்கில் ஒருவருக்கும் தெரியாது.
ஐந்தாம் கணு ஏழை எவ்வளவு உலுக்குமோ
அவ்வளவே ஏழாம் கணு ஐந்தை.
மூலைவிட்டத்தில் மடித்தால்
இரண்டு பாதியும் அச்சாக ஒட்டிக்கொள்ளும்.
எஃகு இதில் நேர்மையானது.
எங்கள் சம்பளப் பட்டியலையும் ஒருமுறை
இப்படி மடித்துப் பார்த்தேன்.

வரிசை மாறினால் பெருக்கல் மாறும் என்றபோது
பள்ளியில் நான் நம்பவில்லை.
மூவைந்தும் பதினைந்து, ஐம்மூன்றும் பதினைந்துதானே.
இங்கு வந்த முதல் வாரம்
பாதுகாப்பு வகுப்பில் காட்டினார்கள்:
கொக்கியை மாட்டிவிட்டு ஏறுவது ஒன்று.
ஏறிவிட்டுக் கொக்கியை மாட்டுவது வேறொன்று.
அதற்குத் தனியாக ஒரு படிவம் வைத்திருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு
அறுநூற்று நாற்பது டன் எழும்ப வேண்டும்.
ஹானி சார் இரண்டு முறை வந்து போய்விட்டார்,
"யல்லா, ரெஜினா."
கணுக்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன்.
ஒட்டாத மூட்டு இல்லை,
பெயர் தவறிய கம்பி இல்லை.
பன்னிரண்டரைக்கு, ஆறிப்போன சுலைமானியை
மறுபடி வாயில் வைக்கையில் உறைத்தது:

தவறென்று எதுவுமே இல்லை.
இதுவரை நான் கணக்கிட்டவை தரையில் நின்றன.
இது தொங்குகிறது.
கீழே விழாது. ஆனால் பக்கவாட்டில்
பிடித்து நிறுத்த உலகத்தில் ஏதுமில்லை.
ஒரு விரலால் தள்ளினால் எவ்வளவு போகும்?
அணிக்கு அது தெரியாது.
தெரியாததைத்தான்
பூச்சியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்கொரு வழக்கம் உண்டு.
நான்கு மூலையிலும் பொய்யாக ஒவ்வொரு சுருள்வில்,
நூலளவு வலு,
ஒரு குண்டுமணி எடையும் தாங்காது;
பூச்சியம் பூச்சியமாக இல்லாதிருக்க மட்டும்.
எழுதினேன்.
எண்கள் பொலபொலவென்று இறங்கின.
அறிக்கையின் அடிக்குறிப்பு:
'சுருள்வில்கள் கற்பனையானவை.
அவற்றின் விசையைப் பொருட்படுத்த வேண்டாம்.'

ஐந்து ஐம்பது.
காற்றில்லை, உப்பு ஈரம் மட்டும்.
கிரேன் மூச்சைப் பிடித்தது.
கட்டைகளை விட்டு எஃகு
ஒரு காகிதத் தடிமன் எழுந்தது,
ஒரு சாண்,
ஒரு முழம்,
பிறகு மெல்லத் திரும்பப் பார்த்தது.

நான்கு மூலையிலிருந்தும் நான்கு கயிறுகள்.
கயிற்று முனையில்
சகாயராஜ்,
தில்பகதூர்,
பெயர் தெரியாத ஒரு பட்டாணியர்,
நேற்றுத்தான் சேர்ந்த பையன்.
குதிகாலை மணலில் ஊன்றி
இழுக்காமல்,
விடாமல்.

எஃகு யோசித்தது. நேராயிற்று.

பத்து மணித் தேநீரில்
கையுறையைக் கழற்றியபடி சகாயராஜ் கேட்டார்,
"கணக்கு ஒத்து வந்துச்சா மேடம்?"
வந்தது என்றேன்.
"கயித்துல வெயிட்டே வரல. சும்மாதான் பிடிச்சிட்டு நின்னோம்."
உள்ளங்கையில் இரண்டு சிவந்த கோடுகள்,
ஒன்றின் கீழ் ஒன்றாக.

மதியம் அறிக்கையில் ஒரு திருத்தம் செய்தேன்.
'கற்பனையானவை' என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.
எண்கள் எதுவும் மாறவில்லை.