மூன்றுக்குப் பின் ஐந்து

ஜெலுத்தோங் கிளினிக்கின் வரிசை எண் பலகையில்
மூன்றுக்குப் பின் ஐந்து வந்தது.
பதின்மூன்றுக்குப் பின் பதினைந்து.
எவரும் இலவசமாய் எடுத்துக்கொள்ளும் நிரல்,
எவரும் திருத்தலாம்.
யாரோ தூக்கக் கலக்கத்தில் விட்ட பிழை என்று
பாயான் லெப்பாஸ் வீட்டில்
வெள்ளி இரவு ஒன்றே முக்காலுக்கு
அந்த இரண்டு வரிகளை அழித்தேன்.

பார்க்காமல் அழிக்கவில்லை.
எழுதியவர் கோ ஹுவாட் செங், ஆறு வருடம் முன்பு.
கமிட் குறிப்பில் ஒரே சொல்:
‘சரிசெய்தது.’
எதை, யாருக்காக,
அதற்கு முன் என்ன கெட்டுப்போயிருந்தது,
ஒன்றும் இல்லை.
என் பங்குக்கு நானும் எழுதினேன்:
‘சரிசெய்தது.’

திங்கள் காலை தவமலர் கூப்பிட்டாள், கிளினிக் மேசையிலிருந்து.
“நாலாம் நம்பர் சீட்ட யாரும் தொட மாட்றாங்க.
பதினாலு வந்த அங்கிள்
இருமிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாரு.”

ஹொக்கியனில் நாலும் சாவும்
ஏறக்குறைய ஒரே ஒலி.
முப்பத்தொரு வருடம் இந்தத் தீவில்.
அந்த வரிகளை அழித்தபோது
நான் உட்கார்ந்திருந்தது
மூன்று ஏ மாடியில்.

திருப்பி வைக்க மூன்று நிமிடம்.
குறிப்பில் ‘பழையபடி’ என்று போட்டு
பேட்ச் அனுப்பினேன்.
ஹாஃபிஸா திருப்பி அனுப்பினாள்,
அவளும் ஒரே சொல்லில்:
‘ஏன்?’

நாற்பது நிமிடம் ஆனது எனக்கு.

‘வரிசையில் நான்கில் முடியும் எண்களைத் தவிர்க்கவும்’
என்று ஒரு தலைப்பு.
ஒரு வரி காலி.
பிறகு:
இது பிழையல்ல.
காய்ச்சலோடு வந்து நிற்பவர் கையில்
சாவின் ஒலியை அச்சடித்துக் கொடுக்க வேண்டாம்.
சென்ற வெள்ளி இதை நீக்கியது நான்தான்.
நாற்பது முதல் நாற்பத்தொன்பது வரை இன்னும் தொடவில்லை;
அவ்வளவு கூட்டம் வருவதில்லை என்கிறார் தவமலர்.
வந்தால் இங்கிருந்து தொடங்கவும்.
முதலில் எழுதியவர் கோ ஹுவாட் செங்.

அவருக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்.
அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.
அவருக்கும் அன்று
ஏதோ ஒரு கிளினிக்கிலிருந்து
யாரோ போன் செய்திருக்க வேண்டும்.
வெள்ளிக்கிழமை. கிளம்பும் அவசரம்.

கீழே இறங்கி கோப்பி பொட்டலம் வாங்கி
விரலில் தொங்கவிட்டுக்கொண்டு
லிஃப்டில் ஏறினேன்.
பொத்தானில் மூன்று மட்டும் பளிச்சென்று இருந்தது.
பக்கத்தில் அந்த ஏ
பாதி தேய்ந்துவிட்டது.